கை உயர்த்திக் கொடுத்த அதிகாரம்

2010 செப்டம்பர் 17, வெள்ளிக்கிழமை. செங்கலடி–பதுளை வீதிப் புனரமைப்புக்கென்று சீன ஒப்பந்தக்காரர்கள் கொண்டுவந்த வெடிமருந்துக் கொள்கலன்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் கரடியனாறு பொலிஸ் நிலைய வளவுக்குள் வெடித்தன. பாறை உடைக்க வந்த டைனமைட். பொலிஸ் நிலையம் தரைமட்டமானது. பொலிஸார், ஊரவர், சீனத் தொழிலாளர் என்று 20க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். முதல்நாள் செய்திகள் 60 பேர் என்றுகூடச் சொல்லின.

அதற்கு ஒன்பது நாள் முன்னர், செப்டம்பர் 8ஆம் திகதி, தியவன்னா ஓயா நடுவே நிற்கும் நாடாளுமன்றத்தில் அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம் நிறைவேறியிருந்தது. ஆதரவாக 161, எதிராக 17. அவசர சட்டமூலம் என்று முத்திரை குத்தி ஒரே நாளில் விவாதித்து முடித்தார்கள். இரண்டு தவணைக்கு மேல் ஒருவர் ஜனாதிபதியாக முடியாது என்ற தடை அன்றோடு போனது. பொலிஸ், தேர்தல், நீதித்துறை உயர் பதவிகளுக்கு ஆள் நியமிப்பதில் ஜனாதிபதியின் கையைக் கட்டியிருந்த அரசியலமைப்புப் பேரவையும் போனது. அதன் இடத்துக்கு வந்த நாடாளுமன்றப் பேரவை அபிப்பிராயம் சொல்லலாம், தடுக்க முடியாது.

இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது வீண் வேலை. வெடிவிபத்துக்குத் திருத்தம் காரணமல்ல. ஆனால் பொலிஸ் நிலைய வளவுக்குள் வெடிமருந்தை வைக்கச் சொன்னது யார், அந்தப் பொலிஸை யார் கேட்பது, கேட்க வேண்டியவர் கேட்காவிட்டால் அவரை யார் கேட்பது என்று ஒவ்வொரு படியாக ஏறிப்போனால், கடைசிப் படி அந்த மண்டபத்துக்குள்தான் போய் முடியும். அந்தப் படியில் இருந்தவர்கள்தான் ஒன்பது நாள் முன்னர் தங்கள் கையில் இருந்ததைத் தூக்கி இன்னொருவரிடம் கொடுத்திருந்தார்கள். இலங்கை நாடாளுமன்றத்தின் பெயர் ஏன் இவ்வளவு கெட்டுக்கிடக்கிறது என்று கேட்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் இதுவே என்பது என் எண்ணம்.

மிளகாய்த்தூளும் சுகபோகமும்

பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் வேறு. 2018 நவம்பரில் சபைக்குள் மிளகாய்த்தூள் வீசினார்கள், கதிரை எறிந்தார்கள், சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸார் சூழ வந்து சபையை நடத்தினார். 2024 டிசம்பரில் புதிய சபாநாயகர் அசோக ரன்வல, தன் கலாநிதிப் பட்டம் பற்றிய சர்ச்சையில் பதவியேற்ற சில வாரங்களிலேயே விலகினார். முன்பு கிடைத்துவந்த தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரம், சிற்றுண்டிச்சாலையின் மலிவு விலைச் சாப்பாடு, ஐந்து வருடம் இருந்தாலே ஓய்வூதியம்: இவை தேநீர்க் கடையில் பேசி அலுத்த பேச்சு. 2022இல் காலிமுகத்திடலில் எழுந்த ‘225 பேரும் வேண்டாம்’ என்ற கோஷத்துக்குப் பின்னால் இந்த எரிச்சல் எல்லாம் இருந்தது.

எரிச்சல் நியாயமானது. ஆனால் அடிதடி நடக்காத நாடாளுமன்றம் உலகில் குறைவு. தைவானிலும் தென்கொரியாவிலும் உறுப்பினர்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டு விலையைக் கூட்டியதால் நாடாளுமன்றத்தின் மரியாதை கூடிவிட்டது என்றும் நான் நம்பவில்லை.

எழுத்தில் பார்த்தால் இந்தச் சபையிடம் இல்லாத அதிகாரம் இல்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 75ஆவது உறுப்புரைப்படி அது எந்தச் சட்டத்தையும் ஆக்கலாம், முன்தேதியிட்டும் ஆக்கலாம். 148ஆவது உறுப்புரை பொது நிதி முழுவதையும் அதன் கட்டுப்பாட்டில் வைக்கிறது; அதன் அனுமதி இல்லாமல் பிரதேச சபைகூட வரி விதிக்க முடியாது. 38ஆவது உறுப்புரைப்படி ஜனாதிபதியையே அகற்றலாம். சபாநாயகர் கையெழுத்திட்ட சட்டத்தைப் பிறகு எந்த நீதிமன்றமும் செல்லாது என்று சொல்ல முடியாது. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் வருடங்கள் கழிந்த சட்டத்தையும் தூக்கி எறியலாம். இலங்கையில் சட்டமூலம் சபையின் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய பதினான்கு நாட்களுக்குள் வழக்கைப் போட வேண்டும், தவறினால் அவ்வளவுதான். சட்டவாக்க அதிகாரத்தைப் பிறருக்குக் கைமாற்றக் கூடாது என்று 76ஆவது உறுப்புரை வேறு தடை போடுகிறது.

நடைமுறை எப்படி? நம்மூர்ப் பழைய போடியாரை நினைத்துக்கொள்ளுங்கள். காணி உறுதி எல்லாம் அவர் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். எப்போது விதைப்பது, எவ்வளவு தண்ணீர் கட்டுவது, யாருக்கு விற்பது என்பதை எல்லாம் அவருக்காக வயலைப் பார்க்கும் முல்லைக்காரர் முடிவுசெய்து பல வருடமாகியிருக்கும்.

கொடுத்ததும் பறித்ததும் ஒரே கைகள்

18ஆவது திருத்தத்தின் கதை அதோடு முடியவில்லை. 2015 ஏப்ரல் 28இல் 19ஆவது திருத்தம் வந்தது. ஜனாதிபதிக்குத் தவணைக் கட்டுப்பாடு திரும்பியது, அரசியலமைப்புப் பேரவை திரும்பியது, அவசர சட்டமூல முறை ஒழிந்தது. 200க்கும் மேற்பட்டோர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர் ஒரேயொருவர். இதில் பலர் மறந்துபோகும் விஷயம், அதுவும் 2010இல் தெரிவான அதே நாடாளுமன்றம்தான் என்பது. 18க்குத் தூக்கிய கையையே 19க்கும் தூக்கினார்கள். இடையில் மாறியது ஜனாதிபதி மட்டும்.

18ஆவது திருத்தத்துக்குப் பத்து வருடம் கழித்து அதே கூத்து அப்படியே அரங்கேறியது. 2020 ஒக்டோபர் 22இல் 20ஆவது திருத்தம், 156க்கு 65. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவுக்குப் பெரும்பாலானவை திருப்பிக் கொடுக்கப்பட்டன. 2022 ஒக்டோபர் 21இல் 21ஆவது திருத்தம், ஆதரவாக 179 பேர். கொடுத்ததில் பெரும்பகுதி திருப்பி எடுக்கப்பட்டது. இதுவும் ஒரே நாடாளுமன்றம், ஏறத்தாழ ஒரே ஆட்கள். கொள்கை மாறினால் வாக்கு மாறலாம். இங்கே மாறியது கொள்கை அல்ல, யார் பக்கம் காற்றடிக்கிறது என்பது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கிராமத்தவர் எம்.பி.மாரைப் பற்றி வேறு என்ன நினைப்பார்?

மட்டக்களப்புக்குக் காற்றோடு போகும் அரசியல் புதிதுமல்ல. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியில் வென்ற செல்லையா இராசதுரை 1979இல் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போய் அமைச்சரானார். 2018 ஒக்டோபர் 26இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரை நீக்கிய குழப்பத்தில், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் மட்டக்களப்பு உறுப்பினர் ச. வியாழேந்திரன் ஒரு வாரத்துக்குள் பக்கம் மாறிப் பிரதி அமைச்சரானார். அபிவிருத்திக்காக என்ற விளக்கம் இரு சந்தர்ப்பங்களிலும் உண்டு. அதை முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் ஒரு கிறவல் வீதி, ஒரு பாலர் பாடசாலைக் கட்டடம் என்று கொண்டுவருபவரே நல்ல எம்.பி. என்று வாக்காளரும் பழகிவிட்டோம். நிதியை மேற்பார்வை செய்ய அனுப்பிய ஆள், நிதியில் பங்கு கேட்டு அமைச்சர்களின் வாசலில் நிற்கிறார்.

அதற்காக இந்த மாவட்டத்தில் எம்.பி. பதவி வெறும் சுகபோகம் என்றும் சொல்லக் கூடாது. 2000 ஒக்டோபரில் தெரிவான நிமலன் சௌந்தரநாயகம் ஒரு மாதம் முடியுமுன்பே சுட்டுக் கொல்லப்பட்டார். ஜோசப் பரராஜசிங்கம் 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், மட்டக்களப்பு மரியாள் பேராலயத்துக்குள் கொல்லப்பட்டார்.

வர்த்தமானி ஆளும் கிராமம்

கரடியனாற்றில் இருந்து பார்த்தால் நாடாளுமன்றம் தெரியாது. தெரிவது வர்த்தமானி.

கரடியனாற்றில் விவசாயப் பயிற்சி நிலையம் இருக்கிறது. மாவட்டத்து விவசாயிகளுக்கு எந்த நிலத்துக்கு எவ்வளவு பசளை என்று சொல்லிக்கொடுக்கும் இடம். 2021 மே மாதம் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தமானி வெளியானது. இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவில் நின்றது. உன்னிச்சைக் குளத்தையும் உறுகாமக் குளத்தையும் நம்பியிருப்பவர்கள் பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தும்போது யூரியா இல்லை. நவம்பர் கடைசியில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் முதல் விதைத்த பயிர் பசளை கேட்கும் பருவத்தைத் தாண்டிவிட்டது. அந்தச் சட்டம் 1969இல் நாடாளுமன்றம் ஆக்கியது. அதன் கீழ் வரும் ஒழுங்குவிதிகள் சபையின் அங்கீகாரத்துக்குத் திரும்ப வர வேண்டும். அங்கே நிறுத்தியிருக்கலாம். அரசாங்கத்தின் மூன்றில் இரண்டு பெரும்பான்மை நிறுத்துவதற்காகச் சேர்க்கப்பட்டதல்ல.

அடுத்தது குசலானமலை. கரடியனாற்றை ஒட்டிய அந்த மலையில் குமரன் கோயிலும் இருக்கிறது, பழங்கால இடிபாடுகளும் இருக்கின்றன. கோயிலுக்குப் போவோருக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் இடையில் இழுபறி. திணைக்களத்தின் கையில் இருப்பது 1940இன் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், அதாவது சுதந்திரத்துக்கு முந்திய அரசாங்க சபை ஆக்கியது. 2020 ஜூன் 2ஆம் திகதி அதற்கு மேலே இன்னொன்று வந்து உட்கார்ந்தது: கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமை முகாமைத்துவத்துக்கான ஜனாதிபதி செயலணி. தலைவர் பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான செயலணியில், அமைத்த நாளில் தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை.

அந்தத் திகதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நாடாளுமன்றம் மார்ச் 2ஆம் திகதியே கலைக்கப்பட்டிருந்தது. கொரோனாவால் தேர்தல் தள்ளித் தள்ளிப்போய் ஓகஸ்ட் 5இல் நடந்தது. புதிய சபை கூடியது ஓகஸ்ட் 20இல். கலைத்த நாடாளுமன்றத்தைத் திரும்பக் கூட்டும்படி கேட்டவர்களுக்கு ஜனாதிபதி செவிசாய்க்கவில்லை. கலைப்பையும் தேர்தல் திகதியையும் எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்காமல் நிராகரித்த நாளும் அதே ஜூன் 2தான். ஐந்தரை மாதம் நாட்டில் சட்டவாக்க சபை இல்லை. குசலானமலை போன்ற இடங்களின் விதியை எழுதும் செயலணி பிறந்தபோது, ஏனென்று எழுந்து கேட்க ஒரு உறுப்பினர்கூடப் பதவியில் இல்லை.

மூன்றாவது, மேய்ச்சல் தரை. மாவட்டத்தின் மேற்கு ஓரத்து மயிலத்தமடுவிலும் மாதவனையிலும் பரம்பரையாக மாடு மேய்த்தவர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் கொட்டகை போட்டுப் போராட உட்கார்ந்தார்கள். வெளி மாவட்டத்தவர்கள் தரையை உழுதுவிட்டார்கள், மாடுகள் சுடப்பட்டும் மின்கம்பியில் சிக்கியும் சாகின்றன என்பது அவர்கள் முறைப்பாடு. நிலம் மகாவலி அதிகாரசபையின் ‘பி’ வலயத்தில் வருகிறது. 1979ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க மகாவலிச் சட்டப்படி, அமைச்சர் வர்த்தமானியில் ஒரு பிரதேசத்தை விசேட பகுதி என்று அறிவித்துவிட்டால் அங்கே மாவட்டச் செயலகத்தின் கையும் கட்டப்பட்டுவிடும். பிரதேச செயலாளரிடம் போனால் மகாவலியைக் காட்டுவார். மகாவலியிடம் போனால் கொழும்பைக் காட்டுவார்கள். மட்டக்களப்பின் எம்.பி.மார் சபையில் எத்தனையோ தடவை இதைப் பேசியிருக்கிறார்கள். ஹன்சார்ட்டில் எல்லாம் பதிவாகியிருக்கும். மாடு ஹன்சார்ட்டை மேயாது.

1979 என்றதும் நினைவுக்கு வரும் இன்னொரு சட்டம் பயங்கரவாதத் தடைச் சட்டம். தற்காலிக ஏற்பாடுகள் என்று பெயரிலேயே எழுதி, மூன்று வருடத்துக்கு என்று சொல்லி நிறைவேற்றினார்கள். 1982இல் அந்தக் கால எல்லையை நீக்கினார்கள். ஜெப்ரி பாவா வடிவமைத்த கோட்டை நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டதும் அதே 1982இல்தான். திறந்த எட்டாவது மாதம் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, தேர்தல் இல்லாமல் பழைய உறுப்பினர்களே இன்னும் ஆறு வருடம் இருப்பது என்று முடிவெடுத்தார்கள். புதுவீட்டுக்கு வந்த வேகத்தில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். 1983 முதல் 2011 வரை, இடையில் சில இடைவெளிகள் போக, அவசரகாலச் சட்டத்தை மாதாமாதம் வாக்கெடுத்து நீடித்ததும் இதே சபை.

வாக்குப் போட முடியாத நாள்

இத்தனைக்குப் பிறகும் இந்தப் பக்கத்து மக்கள் நாடாளுமன்றத் தேர்தலைக் கைகழுவிவிடவில்லை. 2001 டிசம்பர் 5ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில், வன்னியிலும் மட்டக்களப்பிலும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இருந்து வாக்களிக்க வந்தவர்களை இராணுவம் சோதனைச் சாவடிகளை மூடித் தடுத்தது. கரடியனாறும் அப்போது அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. வாக்களிக்கும் உரிமை மீறப்பட்டதென்று 2003இல் தீர்ப்பு வந்தது. அந்த நாடாளுமன்றத்தால் தங்களுக்கு எதுவும் ஆகாது என்று முற்றாக நம்பியிருந்தால் மூடிய வீதியில் போய் நின்றிருக்க மாட்டார்கள்.

2024 நவம்பர் 14இல் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களோடு நாட்டை வாரிச் சுருட்டியது. யாழ்ப்பாணமும் விழுந்தது, வன்னியும் விழுந்தது. 22 தேர்தல் மாவட்டங்களில் 21 அவர்களுக்கு. எஞ்சிய ஒன்று மட்டக்களப்பு. இங்கே ஐந்தில் மூன்றைத் தமிழரசுக் கட்சி எடுத்தது. இதை இனவாதம் என்று கொழும்பில் சிலர் எழுதினார்கள். மேய்ச்சல் தரையையும் செயலணியையும் தெரிந்தவர் அப்படி எழுதியிருக்க மாட்டார். தேசிய மக்கள் சக்திக்கும் இம்மாவட்டம் ஓர் ஆசனம் கொடுத்தது, முஸ்லிம் காங்கிரசுக்கும் ஒன்று கொடுத்தது.

சபை விழித்துக்கொண்ட நாட்களும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. 2018 குழப்பத்தில் சிறிசேன பிறப்பித்த நாடாளுமன்றக் கலைப்பு உத்தரவை உயர் நீதிமன்றம் டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்களின் ஏகமனதான தீர்ப்பால் ரத்துச் செய்தது. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே, மிளகாய்த்தூளுக்கு நடுவே, அவர் நியமித்த புதிய பிரதமர்மீது நம்பிக்கையில்லை என்று சபை வாக்களித்துவிட்டது. மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தை 2016இல் அரச நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் கோப் குழு தோண்டியது. 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோனைப் பதவிநீக்கும் பிரேரணை 177 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. பொலிஸ் மா அதிபர் ஒருவரை நாடாளுமன்றம் அகற்றியது அதுவே முதல் தடவை. அதற்கான நடைமுறைச் சட்டம் 2002இலேயே இருந்தது. 23 வருடம் அலுமாரியில் தூங்கியது.

அதே பதவிநீக்கும் அதிகாரம் எப்படிப் பிழையாகவும் பாயும் என்பதற்குப் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க சாட்சி. திவிநெகும சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் சம்மதம் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு அவர்மீது குற்றப்பிரேரணை வந்தது. தெரிவுக்குழு அறிக்கையை மேன்முறையீட்டு நீதிமன்றம் ரத்துச் செய்தும், 2013 ஜனவரி 11இல் 155 பேர் வாக்களித்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜனாதிபதி ஒருவரை அகற்றப் பிரேரணை சபாநாயகர் மேசை வரை வந்தது 1991இல் பிரேமதாசாவுக்கு எதிராக; கையெழுத்து வைத்தவர்களில் பலர் பின்வாங்க, அதுவும் பிசுபிசுத்தது. கேட்கக் கூடாதவரைக் கேட்பதில் இருந்த வீரம், கேட்க வேண்டியவரிடம் போனதும் காணாமல் போகிறது.

139க்குப் பூச்சியம்

கரடியனாறு போன்ற ஊருக்கு நாடாளுமன்றம் செய்த பெரிய காரியம் எது என்று கேட்டால் நான் ஒரு நாளைச் சொல்வேன்: 2017 செப்டம்பர் 20.

அன்று மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டமூலம் சபைக்கு வந்தது. வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்குக் கூடுதல் இடம் கொடுப்பது அதன் நோக்கம். நல்ல காரியம், மக்கள் நீதிமன்றத்தில் கேள்விகேட்க முடிந்ததும் அந்த வடிவத்தைத்தான். குழுநிலை விவாதத்தில் பக்கம் பக்கமாகத் திருத்தங்களைச் செருகி, தேர்தல் முறையையே தொகுதியும் விகிதாசாரமும் கலந்த புதிய முறையாக மாற்றிவிட்டார்கள். அந்த வடிவத்தை எந்த நீதிமன்றமும் பார்க்கவில்லை. சபாநாயகர் கையெழுத்திட்ட பிறகு பார்க்கவும் முடியாது. ஆதரித்துக் கை தூக்கியவர்களில் தமிழ், முஸ்லிம் கட்சி உறுப்பினர்களும் இருந்தார்கள். பத்து நாள் கழித்துக் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது.

புதிய முறைக்குத் தொகுதி எல்லை வகுக்க வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட் 24இல் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139. ஆதரவாக ஒருவரும் இல்லை. அறிக்கையைச் சபையில் வைத்த அமைச்சர் பைசர் முஸ்தபாவே எதிர்த்து வாக்களித்தார். சட்டப்படி அது பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழுவுக்குப் போனது, இரண்டு மாதத்தில் முடிவு சொல்ல. முடிவு வரவேயில்லை. பழைய முறையை ஒழித்தாயிற்று, புதிய முறைக்கு எல்லை இல்லை. ஆகவே தேர்தலும் இல்லை.

சபையின் காலம் முடிந்ததில் இருந்து கிழக்கு மாகாணத்தின் விவசாயம், கால்நடை, கிராமிய வீதி, பாடசாலை, ஆஸ்பத்திரி எல்லாம் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கையில். உறுகாமத்தில் யானை வேலி உடைந்தாலும், கரடியனாறு வைத்தியசாலைக்கு டாக்டர் வராவிட்டாலும், திருகோணமலையில் எழுந்து கேள்வி கேட்க மாகாண உறுப்பினர் ஒருவரும் இல்லை. அவர் கேட்க வேண்டியதை எல்லாம் கொழும்பில் ஐந்து எம்.பி.மார் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்குக் கிடைப்பதோ சபை ஒத்திவைப்பு வேளையில் சில நிமிடங்கள், சபாநாயகரின் மணி அடிக்கும் வரை.

பழைய விகிதாசார முறைப்படியே தேர்தலை நடத்தலாம் என்று ஒரு சிறு திருத்தம் செய்தால் போதும் என்று தமிழரசுக் கட்சியின் எம்.ஏ. சுமந்திரன் உட்படப் பலர் வருடக்கணக்காகச் சொல்கிறார்கள். தனிநபர் சட்டமூலமாகவும் கொண்டுவந்து பார்த்தார்கள். அதற்குப் பெரிய அரசியலமைப்பு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. முடிச்சுப் போட்டது எந்தச் சபையோ, அவிழ்க்க வேண்டியதும் அந்தச் சபையே. அரசாங்கத்திடம் 159 பேர் இருக்கிறார்கள்.